அண்ணன் தொடாத அடுப்பு

1

பிட்சா என்றால் என்னவென்று ஊரில் இருக்கும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மைதா மாவை ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து, பரோட்டாவுக்குப் போல உருட்டித் தட்டி, மேலே தக்காளிச் சாறு பூசி, சீஸ் என்கிற பாலாடைக்கட்டியைத் துருவிப் போட்டு, நல்ல சூட்டில் வேகவைப்பது. இத்தாலிக்காரர்களின் பலகாரம். அமெரிக்காக்காரர்கள் தங்களுடையது என்று சொல்லிக்கொள்கிறார்கள். என் மகள் வித்யாவுக்கு ஒன்பது வயது. அவளுக்கு அதுதான் சோறு, அதுதான் குழம்பு. நான் ரசம் தாளித்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுவாள்.

நேற்று அவள், "அம்மா, இந்த சனிக்கிழமையும் கரியிலே பிட்சா பண்ணலாமா? மாமா வந்தப்ப பண்ணின மாதிரி?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். எனக்கோ கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போதிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். துணியை மடிக்கிறேன், மடித்ததைப் பிரிக்கிறேன். உட்கார்ந்து எழுதினாலாவது கால் ஓயாதா என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்தின் ஓரத்தில். சேலம் வெயிலைத் தாங்கியவர்களுக்கு இந்த வெயில் ஒன்றும் பெரிதில்லை. புழுக்கம்தான் ஆளைக் கொல்கிறது. என் வீட்டுக்காரர் முருகேசன் குழாய் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நான் பள்ளிக்கூட நூலகத்தில் அரைநாள் வேலை பார்க்கிறேன். காலையில் மூன்று பேரும் மூன்று திசையில் வண்டியேறிப் போய், சாயங்காலம் திரும்பி வந்து, டிவி முன்னால் தட்டோடு உட்காருகிறோம். என் பெயர் சரஸ்வதி என்று இங்கே யாருக்கும் வாயில் வராது. சாரா என்கிறார்கள். சண்டை போட்டுப் பார்த்தேன், அலுத்து விட்டுவிட்டேன்.

மாமா என்று வித்யா சொன்னது என் அண்ணனை. திருச்செங்கோட்டில் நிலத்தைத் துளைக்கும் ரிக் வண்டி வைத்து, ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு, அதாவது போர், போட்டுக் கொடுப்பவர். போன மாதம் ஒரு நாள் மத்தியானம் போன் அடித்தது.

"சரசு, நாந்தான் பேசறேன்."

பத்து வருஷமாகக் கேட்காத குரல். ஆனாலும் யார் என்று நான் கேட்கவில்லை.

"அண்ணா! எங்கிருந்துங்க பேசறீங்க?"

"உங்க ஊருலதான். ஓட்டல்ல இருக்கறேன். கம்ப்ரசர் ஒண்ணு பாக்கலாம்னு கூட்டாளிகளோட வந்தேன்." பிறகு அவராகவே, "விசா ஆபீசுல கேட்டாங்க, அங்க சொந்தக்காரங்க ஆராச்சும் இருக்கறாங்களான்னு. ஆருமில்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்றார்.

இதை எதற்காக என்னிடம் சொன்னார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆள் திரும்பி வரமாட்டான் என்று சந்தேகப்பட்டு விசா கொடுக்க மாட்டார்கள். மெட்ராஸில் அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதற்காகச் சொல்லியிருக்கலாம். மனசில் உள்ளதையே சொல்லியிருக்கவும் கூடும்.

"சனிக்கிழமை சும்மாத்தான் இருக்கறேன். புள்ளய ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு. சோறு கீறெல்லாம் ஆக்க வேண்டாம் அம்மிணி."

2

எங்களுடையது காதல் கல்யாணம். நான் திருச்செங்கோட்டுப் பக்கம் தோட்டம் காடு உள்ள குடும்பம். என் வீட்டுக்காரர் சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டுகிற குடும்பம். நான் சேலத்தில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தபோது டவுன் பஸ்ஸில் ஆரம்பித்த சமாச்சாரம். ஜாதி வேறு. இதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். என்னைப் படிக்க அனுப்பியதே அண்ணன்தான். "பொட்டப்புள்ளய எதுக்கு அத்தன தூரம் படிக்க உடற?" என்று கேட்ட பங்காளிகளிடமெல்லாம் எனக்காக மல்லுக்கு நின்றவர். அதனால்தான் அவருக்கு அவ்வளவு வலித்தது. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

பதிவுத் திருமணம் முடிந்து சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். ஒரு நாள் காலையில் அண்ணன் வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார். மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"உள்ள வாங்கண்ணா. ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, இவரையும் பார்க்கவில்லை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தவும் இல்லை. "இந்த ஊட்டு அடுப்புல ஆக்கற சோத்த இந்த ஜென்மத்துல நாந் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது.

அதோடு சரி. மறு வருஷமே இவருக்கு இங்கே வேலை கிடைத்து வந்துவிட்டோம். வித்யா பிறந்ததற்குக் கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. வருஷா வருஷம் பொங்கலுக்கு வாழ்த்து அட்டை போடுவேன், அதற்கும் இல்லை. முறைப்படி அண்ணன் இவரை 'மாப்ள' என்று கூப்பிட வேண்டும். அந்த வார்த்தை ஒரு தடவைகூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

3

வித்யாவின் காது விஷயத்தைச் சொன்னால்தான் நான் ஏன் அவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குப் புரியும்.

எங்கள் பக்கத்தில் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். மாமன் இல்லாவிட்டால் மாமன் முறையில் ஒருவரைத் தேடிப் பிடிப்பார்கள். எனக்கு மாமன் முறைக்கு ஆள் தேட மனசு வரவில்லை. இருக்கிற மாமனை இல்லையென்று ஆக்கிவிட்டு இன்னொருவரை உட்காரவைப்பதா? அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனேன். குழந்தை ஒன்பது வயதுக்கு வளர்ந்துவிட்டாள், காது மூளியாகவே இருந்தது.

இங்கே காது குத்துவது கடைவீதிச் சமாச்சாரம். பெரிய அங்காடிக்குள் பொம்மைக் கடைக்குப் பக்கத்தில் ஒரு கடை. உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, துப்பாக்கி மாதிரி ஒன்றைக் காதில் வைத்து அழுத்துவார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வித்யாவின் வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு லிண்டா, "நீ சரியென்று சொன்னால் நானே கூட்டிப்போகிறேன்" என்று சொல்லியிருந்தாள். தன் பிறந்தநாளுக்குள் காதில் தோடு இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்துக்கே போகப்போவதில்லை என்று வித்யா மிரட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா மடியில உக்கார்ந்துதான் குத்தணும்" என்பேன் நான்.

"மாமான்னா என்னம்மா, ஒரு நாற்காலியா?" என்று கேட்டாள் ஒரு நாள்.

இவர் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. தாய்மாமன் என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லிக் காட்ட என் கையில் ஆள் இல்லையே. படம் போட்டா காட்ட முடியும்?

ஆகவே போன் வந்ததும் எனக்கு ஒரே எண்ணம்தான். அண்ணன் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட வேண்டும். சாப்பிட்டுவிட்டால் அவர் மாமன். சாப்பிடாமல் எழுந்து போனால், குழந்தையைப் பார்த்துவிட்டுப் போன யாரோ ஒருவர். அவரிடம் போய் மடி கேட்க முடியாது.

4

அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்ன சொல்லை மாற்றமாட்டார். உயிர் போனாலும் மாட்டார். ஊரில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். கூடவே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். அதனால் சொல்லை மாற்றச் சொல்லிக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே எங்காவது சந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வக்கீல் மாதிரி யோசித்தேன். அவர் சொன்னது என்ன? இந்த வீட்டு அடுப்பு. அதில் ஆக்கும் சோறு. இந்த இரண்டும் இல்லாமல் ஒன்று செய்து போட்டால்?

இதற்கு எங்கள் பங்காளிகளுக்குள்ளேயே முன்மாதிரி இருக்கிறது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் கிணற்றுப் பங்கில் தகராறு. ஒருவர் வீட்டில் ஒருவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஆனால் குலதெய்வம் கோயிலில் பொங்கல் வைக்கும் நாளில் இரண்டு பேரும் ஒரே பொங்கலைத்தான் இலையில் வாங்கிச் சாப்பிடுவார்கள். பேச்சு மட்டும் கிடையாது. நான் சிறுமியாக இருந்தபோது இதைப் பற்றிச் சித்தப்பாவிடம் கேட்டேன். "காட்டுல மூணு கல்லுக் கூட்டி ஆக்கறது ஆரு ஊட்டு அடுப்பும் இல்லீல்ல சாமி?" என்றார். எப்படிப்பட்ட மனிதர்கள் பாருங்கள். சண்டையையும் விடமாட்டார்கள், பொங்கலையும் விடமாட்டார்கள்.

எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் கரி போட்டுச் சுடும் அடுப்பு ஒன்று இருந்தது. கறுப்பாக, உருண்டையாக, மூடி போட்டு, மூன்று கால் வைத்தது. இவர் அதில் கோழி சுடுவார். அன்றைக்கோ புரட்டாசி சனிக்கிழமை. அண்ணன் கவிச்சி தொடமாட்டார். அந்த அடுப்பில் சோறு வடிக்கலாம்தான். ஆனால் சோறு என்ற வார்த்தை அவர் சொன்னதில் இருக்கிறதே.

அப்போதுதான் பிட்சா ஞாபகம் வந்தது. போன கோடையில் புயலடித்துக் கரண்ட் போனபோது லிண்டா தன் வீட்டுக் கரி அடுப்பில் பிட்சா சுட்டு எங்களுக்கும் கொடுத்தாள். மாவை நேராகக் கம்பி மேலேயே போட்டு, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பி, வெந்த பக்கத்தின் மேல் சாறும் சீஸும் போட்டு மூடிவிட வேண்டும். வீட்டு அடுப்புமில்லை, சோறுமில்லை. எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது.

இவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, சட்டைப் பித்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார். கோபம் வந்தால் அப்படித்தான்.

"உங்க காட்டுல கடலை பிடுங்க வந்த ஆளுங்களுக்கு எங்கே வெச்சு சோறு போட்டீங்க?" என்றார்.

"வாசல்ல."

"இப்ப உங்கண்ணனை வாசல்ல உக்கார வெச்சுச் சாப்பாடு போடப் போறே. இது அவருக்கு அவமானமா எனக்கு அவமானமான்னு யோசிச்சுச் சொல்லு சரசு. எங்க வீட்டு அடுப்புக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு நாள் பொறுத்துக்குங்க. புள்ளைக்காக" என்றேன். அவர் சரியென்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. காரை எடுத்துக்கொண்டு போய்க் கரி மூட்டை வாங்கிவந்து பின்பக்கத்தில் போட்டார்.

5

சனிக்கிழமை டாக்ஸியில் வந்து இறங்கினார். தலை நன்றாக நரைத்திருந்தது. பேண்ட் போட்டு நான் பார்த்ததே இல்லை. அதையும் வேட்டி போலக் கட்டிக்கொண்டு நடப்பவர் மாதிரி நடந்தார். கையில் ஜவ்வரிசி வற்றல் பொட்டலம். சுங்கத்தில் அதைப் பிரித்து முகர்ந்து பார்த்து, இது என்ன என்று மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்களாம்.

"வாங்கண்ணா" என்றேன். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"நல்லா இருக்கறயா அம்மிணி? எளச்சுப் போயிட்டயே" என்றார். எடை கூடிவிட்டதென்று டாக்டர் என்னைத் திட்டிய வாரம் அது.

இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்னால் வந்து, "வாங்க" என்று கும்பிட்டார். அண்ணனும் கும்பிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் எந்த முறை சொல்லியும் கூப்பிடவில்லை. அண்ணன் வாசலில் தயங்கும் தர்மசங்கடம் வரக்கூடாது என்று, வீட்டைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்பக்கம் அழைத்துப் போய், முன்கூட்டியே போட்டு வைத்திருந்த நாற்காலியில் உட்காரவைத்தேன். எவ்வளவு சாமர்த்தியமாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். இவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

வித்யா வந்து, "ஹாய் மாமா" என்றாள்.

"இங்க வா சாமி" என்று அவளைப் பக்கத்தில் நிறுத்தி உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். அவர் பார்வை அவள் காதில் கொஞ்சம் நின்றது.

கரியைப் பற்றவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கே கிடைப்பது ஊர்க் கரி அல்ல. கரித்தூளைப் பிசைந்து அச்சில் போட்டு, சோப்புக்கட்டி போல வார்த்திருக்கிறார்கள். திரவம் ஒன்றை ஊற்றினால்தான் பிடிக்கும். "என்ன இது, மண்ணெண்ணெ வாடை அடிக்குது?" என்று அண்ணன் மூக்கைச் சுளித்தார். வாடை போகட்டும் என்று சாம்பல் பூக்கும்வரை காத்திருந்தோம். அந்த நேரத்தில் நாலு பேரும் கரியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் பிட்சா நாசமாகிவிட்டது. பதட்டத்தில் மாவை ரொம்ப மெல்லியதாக இழுத்துவிட்டேன். கம்பிச் சந்து வழியாகத் தொங்கிக் கரியில் விழுந்து, ஒரே புகை. லிண்டா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எல்லாம் நலம்தானே?" என்று கேட்டாள். நலம் என்று கையை ஆட்டினேன். இரண்டாவது மாவு கம்பி மேல் ஒழுங்காக உட்கார்ந்து உப்பியது. திருப்பிப் போட்டுத் தக்காளிச் சாறு பூசினேன். வெங்காயம், குடைமிளகாய், கூடவே அண்ணனுக்காகப் பச்சைமிளகாய். மேலே சீஸைத் தூவி மூடி போட்டேன்.

"இத என்னன்னு சொல்றது?" என்றார் அண்ணன்.

"பலகாரந்தானுங்க. சோறில்லீங்க" என்றேன் அவசரமாக. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் எதற்குச் சொல்கிறேன் என்று புரிந்துவிட்டதென்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கரி அடுப்பைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். மீசைக்குள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நானாகக் கற்பனை செய்துகொண்டதாகவும் இருக்கலாம்.

6

ஹூஸ்டன் மழை சொல்லிவிட்டு வருவதில்லை. சீஸ் உருகிவிட்டதா என்று பார்க்க மூடியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கரி 'சுர்ர்' என்று கத்தியது. சாம்பல் என் முகத்தில் அடித்தது. பிட்சாவின் மேல் சீஸ் பாதி உருகி, பாதி வெள்ளையாக நின்றது.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முகத்தை மேலே தூக்கி மழையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அட கெரகத்த! இந்த மழை நம்மூர்ல பேஞ்சா என்ற ரிக்கையெல்லாம் எடைக்குத்தான் போடோணும்" என்று சிரித்தார். நல்ல மழை பெய்தால் போர் போடுகிறவனுக்குப் பிழைப்பு ஏது? ஆனாலும் நாமக்கல் சீமையில் பிறந்தவர் யாரும் மழையைப் பார்த்து ஓடமாட்டார்கள்.

இவர்தான் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்கதவுக் கூரைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். நான் கரியைக் காப்பாற்ற முடியுமா என்று மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிட்சாவைக் காணோம்.

வித்யா எடுத்துக்கொண்டு உள்ளே ஓடியிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும்? பிட்சா வேகவில்லை, உள்ளே அடுப்பு இருக்கிறது. கரண்ட் அடுப்பைத் திருகி, உள்ளே தள்ளி, கதவைச் சாத்திவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சீஸ் கொப்பளித்துக்கொண்டிருந்தது. என் வீட்டு அடுப்பில். நான் போட்ட கணக்கெல்லாம் அந்தக் கண்ணாடிக்குள் வெந்துபோனது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அண்ணன் வெளியே திரும்பி நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியப்போவதில்லை. வித்யா அதை வெட்டித் தட்டில் வைத்து, "மாமா, ரெடி" என்று நீட்டினாள். அண்ணன் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம்" என்றார், கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த என் வீட்டுக்காரர்.

நான் கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லிடறேன். இது வெளியே முழுசா வேகலை. உள்ளே எங்க வீட்டு அடுப்பிலே வெச்சு எடுத்தது. தெரிஞ்சுக்கிட்டுச் சாப்பிடுங்க. வேண்டாம்னாலும் எனக்கு வருத்தமில்லை."

எனக்கு இவர் மேல் அப்படியொரு ஆத்திரம் வந்தது. பெருமையும் அப்போதே வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருஷமாக என் வீட்டு வாசலில் நின்ற அந்த வார்த்தைக்கு நான் குறுக்குவழி தேடினேன். இவர் நேராகப் போய் அதன் முன்னால் நின்றார்.

நீட்டிய கையை அண்ணன் மடக்கிக்கொண்டார். வித்யா தட்டைப் பிடித்தபடி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கை வலித்திருக்கும், பாவம்.

"அடுப்பு எங்கிருக்குது?" என்றார் அண்ணன்.

இவர் உள்ளே கையைக் காட்டினார். அண்ணன் ஷூவைக் கழற்றினார். ஈரக் காலுறையையும் உருவி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். சமையலறையில் அடுப்புக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ரிக் இன்ஜினைப் பார்ப்பது போலக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நெருப்பு எங்கீங்க?"

"நெருப்பு கிடையாது. கரண்டுலே சூடாகும்" என்றார் இவர்.

"பொகை?"

"வராது."

"சாம்பல்?"

"இல்லை."

அண்ணன் அடுப்புக் கதவை மெதுவாகச் சாத்தினார். உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கி, பத்து வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரரை முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, நெருப்பில்லாததையெல்லாம் அடுப்புன்னு சொன்னா நான் ஒத்துக்குவனா? இது வெறும் பொட்டியல்லொ?"

இவர் சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒத்துக்க வேண்டாங்க மச்சான். மேலே உக்காருங்க, ஆறிப்போகுது" என்றார்.

அண்ணன் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு துண்டு, இன்னொரு துண்டு. "பரோட்டாவாட்டத்தான் இருக்குது. கறிவேப்பிலை ரெண்டு கிள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார். நான் பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டு, கழுவ ஒன்றும் இல்லாமல் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகைதான். ஆனால் அதில் எரிச்சலும் கலந்திருந்தது. நெருப்பில்லாததால் அடுப்பில்லையாம்! அப்படியானால் இத்தனை வருஷம் நான் அடுப்பே இல்லாத வீட்டிலா குடித்தனம் பண்ணினேன்? இது முன்னமே தெரிந்திருந்தால் அந்தக் கரி மூட்டை எதற்கு?

வித்யாதான் கேட்டாள். "மாமா, உங்க மடியிலே உக்கார்ந்தாத்தான் அம்மா எனக்குக் காது குத்த விடுவாங்க. உக்காரலாமா?"

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். நகைக்கடையில் மடித்துக் கொடுக்கும் ரோஸ் நிறத் தாள். மழையில் நனைந்து சாயம் சட்டையில் ஒட்டியிருந்தது. உள்ளே சின்னதாக ஒரு ஜோடித் தோடு. யாருமில்லை என்று விசா ஆபீசில் சொன்ன மனிதர், அந்த யாருமில்லாத ஆளுக்கு ஊரிலேயே தோடு வாங்கி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார். நான் மட்டும்தான் சந்து தேடினேன் என்று நினைத்தேன். அவரும் அதையேதான் தேடிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வேறெப்படி இருப்போம்?

7

மறுநாள் அங்காடிக்குப் போனோம். காது குத்தும் பெண், நாற்காலியில் ஒருவர்தான் உட்கார வேண்டும் என்று இங்கிலீஷில் சொன்னாள். அண்ணன் காதில் விழாதது போலப் போய் உட்கார்ந்து, மடியைத் தட்டி வித்யாவைக் கூப்பிட்டார். வித்யாவின் கால்கள் கிட்டத்தட்டத் தரையைத் தொட்டன. "எனக்கு வெட்கமா இருக்கு" என்று கிசுகிசுத்தாள். ஆனால் இறங்கவில்லை. இது எங்கள் பழக்கம், இவர் தாய்மாமன் என்று என் வீட்டுக்காரர் அந்தப் பெண்ணுக்கு விளக்கினார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் துப்பாக்கியை எடுத்தாள். குத்தும்போது குழந்தை கண்ணை மூடவில்லை, அண்ணன்தான் இறுக்கி மூடிக்கொண்டார்.

விமான நிலையத்தில் நான் அவரிடம் நேராகக் கேட்டேன். "அண்ணா, அடுத்த தடவை விசா ஆபீசுல கேட்டா என்னன்னு சொல்லுவீங்க?"

"விசா கெடைக்கோணுமில்ல அம்மிணி" என்று சிரித்தார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் இன்னொன்றுக்காகவும் காத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் விடைபெறும்போது, 'ஊட்டுக்கு வாங்க' என்று கூப்பிடாமல் யாரும் நகரமாட்டார்கள். தெரியாதவர்களிடம்கூட வாய்க்கு வந்துவிடும் வார்த்தை அது. பெட்டியைத் தூக்கினார். வித்யாவின் தலையில் கை வைத்தார். நான் இவரைப் பார்த்தேன். இவரும் அதற்காகத்தான் நிற்கிறார் என்று தெரிந்தது. திருச்செங்கோட்டில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் விறகு அடுப்புதான். அதில் நெருப்பு உண்டு, புகை உண்டு, சாம்பலும் உண்டு.

"வாரேனுங்க மாப்ள. வாரேன் சரசு" என்றார்.

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

குத்தும்போது போட்டுவிட்ட கடைத் தோட்டை வித்யா தினமும் காதில் திருகிக்கொள்கிறாள். புண் ஆறியதும் மாமா தோட்டைப் போட வேண்டும் என்று நாள் கேட்கிறாள். மாமா என்றால் நாற்காலியா என்று இப்போது கேட்பதில்லை. கரி மூட்டை பாதிக்கு மேல் பின்பக்கத்தில் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அவளுக்காகக் கரியிலேயே சுட்டுக் கொடுத்துவிடலாம். அண்ணன் அடுத்த வருஷமும் வருவார், சந்தேகமில்லை. என் பெட்டியில் வெந்ததை மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவார். என் வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டு அடுப்படியில் நான் எப்போது போய் உட்காருவேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.